ஒரே 58, வேறு வேறு உடம்பு: கடின வேலையும் ஓய்வூதியக் கணக்கும்

வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-ல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னபோதும், 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரத்தைப் பற்றிப் பேசியபோதும், சண்டை முழுக்க நாடு முன்னேறுமா, குடும்பத்துக்கு நேரம் வேண்டாமா என்பதிலேயே முடிந்துவிட்டது. பிஎஃப் பென்ஷனின் குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாயை உயர்த்தச் சொல்லும் போராட்டம் அது பாட்டுக்குத் தனியாக நடக்கிறது. ஓய்வு வயதைக் கூட்டலாமா என்ற பேச்சு இன்னொரு பக்கம். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால்தான் செய்தியைப் படிக்கும்போது குழப்பம் வருகிறது: ஒருவருக்கு ஓய்வு வயதைக் கூட்டுவது சலுகையாகத் தெரிகிறது, இன்னொருவர் அதையே தண்டனை என்கிறார், இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது.

இங்கே பார்க்கப்போவது இவ்வளவுதான். 30 வருடம் கடினமான வேலை பார்த்தால் உடம்புக்கு என்ன ஆகிறது, ஓய்வூதியக் கணக்கு அதை எந்த இடத்தில் கண்டுகொள்ளாமல் விடுகிறது. உதாரணமாகப் பெரும்பாலும் பஸ் டிரைவரை எடுத்துக்கொள்கிறேன். உலகத்தில் நிறைய ஆராயப்பட்ட வேலைகளில் அது ஒன்று, அப்புறம் அந்த சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பயணம் செய்யாதவர்கள் நம்மில் யாரும் இல்லை.

“கடினமான வேலை” என்றால் என்ன?

மூட்டை தூக்கினால் கடினம், நாற்காலியில் உட்கார்ந்தால் சுலபம் என்ற பிரிவினை போதாது. ஆராய்ச்சியாளர்கள் மூன்றைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்.

1. சுமை. தூக்குவது, குனிவது, நிற்பது, அதிர்வு, வெக்கை, தூசி, இரைச்சல்: உடம்பின் மேல் நேரடியாக விழுவதெல்லாம் இதில் வரும். நாள் முழுக்க நிற்பதும் சுமைதான். ஜவுளிக்கடையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்காகத்தான் 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை கட்டாயம் என்றது. உட்காருவதற்கே ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

2. நேரம். எத்தனை மணி நேரம் என்பது ஒன்று, எந்த நேரம் என்பது இன்னொன்று. இரவு ஷிஃப்டும், வாரத்துக்கு வாரம் மாறும் ஷிஃப்டும் தனி ரகம். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே இரவு ஷிஃப்டை “புற்றுநோய் உண்டாக்கக்கூடும்” என்ற பட்டியலில் சேர்த்துவிட்டது.

3. பிடி. வேலையின் மேல் நமக்கு எவ்வளவு பிடி இருக்கிறது? எப்போது நிறுத்தலாம், எப்படிச் செய்யலாம் என்பதை நாமே முடிவு செய்ய முடிகிறதா? 1979-ல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்த கருத்து இது: வேலை அதிகம், ஆனால் பிடியும் அதிகம் என்றால் மனிதர் தாக்குப்பிடிக்கிறார்; வேலை அதிகம், பிடி மட்டும் இல்லை என்றால் உடம்பு கெடுகிறது. வெளிநாடு பறந்துகொண்டே இருக்கும் கம்பெனி முதலாளிக்கும் அவருடைய காரை ஓட்டுபவருக்கும் ஒரே 14 மணி நேரம்தான். ஆனால் எப்போது கிளம்புவது என்று சொல்பவர் முதலாளி.

மூன்றும் ஒரே ஆளின் தலையில் விழும் வேலைகள் சில உண்டு. பஸ் ஓட்டுவது அதில் ஒன்று.

லண்டன் பஸ்ஸில் கிடைத்த முதல் ஆதாரம்

வேலைக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தேடிய ஆங்கிலேய மருத்துவர் ஜெரி மாரிஸ், லண்டன் மாடி பஸ்களை எடுத்துக்கொண்டார். ஒரே பஸ், ஒரே ஷிஃப்ட், ஏறத்தாழ ஒரே மாதிரிக் குடும்பப் பின்னணி. டிரைவர் உட்கார்ந்தே இருக்கிறார், கண்டக்டர் டிக்கெட் போட மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்குகிறார், ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை. சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் விவரங்களைப் பார்த்ததில் டிரைவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக இருந்தது. வந்தால் அது உயிரைப் பறிப்பதாகவும், இளவயதிலேயே வருவதாகவும் இருந்தது. 1953-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான இந்த ஆய்வுதான் உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்ற இன்றைய பொது அறிவுக்கு மூல விதை.

கதை இங்கே முடிந்திருந்தால் சுலபம். மாரிஸ் அதோடு விடவில்லை, சில வருடம் கழித்து நிர்வாகத்திடம் இருந்த சீருடைக் கணக்கை வாங்கிப் பார்த்தார். யாருக்கு எந்த இடுப்பளவில் பேன்ட் தைத்துக் கொடுத்தார்கள் என்ற பதிவு அது. டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களுடையதைவிடப் பெரியது, அதுவும் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே! அப்படியானால் வேலை மட்டும் ஆளை மாற்றவில்லை. ஏற்கெனவே பருத்தவர்கள் அந்த வேலைக்குப் போவதும் நடந்திருக்கிறது.

“இந்த வேலை பார்த்தால் இந்த நோய்” என்று எங்கே படித்தாலும் இந்த பேன்ட் கணக்கை நினைத்துக்கொள்ளலாம். இதற்கு நேரெதிரான பொறியும் ஒன்று உண்டு. உடம்பு தாங்காதவர்கள் 45, 50 வயதிலேயே வேலையை விட்டுப் போய்விடுவதால், ஒரு மில்லுக்குள் போய் இப்போது வேலையில் இருப்பவர்களை மட்டும் பரிசோதித்தால் எல்லோரும் திடமாகத் தெரிவார்கள். “எங்க ஃபேக்டரியில் 55 வயசு ஆளுங்ககூட இரும்பு மாதிரி இருக்காங்க” என்று மேலாளர்கள் சொல்வது பொய் இல்லை. இரும்பு மாதிரி இல்லாதவர்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

அந்த சீட்டை ஒருமுறை கிட்டத்தில் பார்ப்போம்

நம் ஊரில் பெரும்பாலான பஸ்களுக்கு இன்ஜின் முன்பக்கம், டிரைவரின் இடது முழங்காலுக்குப் பக்கத்தில். பானெட் மேல் பழைய ரெக்ஸினோ கோணியோ போர்த்தியிருக்கும், கூட்ட நேரத்தில் அதன் மேலேயே நாலு பேர் உட்கார்ந்து வருவார்கள். மே மாதத்து மத்தியானம் வெளியே 40 டிகிரி என்றால் அந்த இடது கால் இருக்கும் சூடு வேறு.

அந்தக் காலுக்குத்தான் கிளட்ச். டவுன் பஸ்ஸில் ஒரு சிங்கிளுக்கு, அதாவது ஒருவழிப் பயணத்துக்கு, 30 நிறுத்தம் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, கிளப்பி, மூன்றாவது கியருக்குப் போவதற்குள் நாலு தடவை கிளட்ச் என்றால் 120. எட்டு சிங்கிள் என்றால் 960. சிக்னலையும் நெரிசலையும் இதில் சேர்க்கவில்லை. முதுகுத்தண்டுக்குக் கீழிருந்து வரும் அதிர்வு இதோடு சேர்கிறது. உட்கார்ந்த நிலையில் பல வருடம் அதிர்வு வாங்கினால் கீழ் முதுகுவலி வரும் ஆபத்து கூடுகிறது என்பதில் மருத்துவர்களுக்குள் பெரிய தகராறு இல்லை.

டைமிங் பிரச்சினை தனி. டிரிப் ஷீட்டில் இத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று இருக்கும், சாலை அதைக் கேட்காது. தாமதத்தை ஈடுகட்ட எதை வெட்டுவார்? சாப்பாட்டு நேரத்தையும் ஒண்ணுக்குப் போகும் நேரத்தையும்தான். போக இடமும் ஒழுங்காக இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். சிறுநீரகக் கல்லும் நீர்க்கடுப்பும் இப்படித்தான் வருகின்றன, எந்த விபத்துப் பதிவேட்டிலும் ஏறாமல். கராசெக் சொன்ன பிடி இங்கே சுத்தமாக இல்லை: டிராஃபிக் அவர் கையில் இல்லை, டைமிங் அவர் போட்டதில்லை, படியில் தொங்கும் பையன் அவர் சொல் கேட்பதில்லை, ஆனால் எது நடந்தாலும் முதல் வழக்கு அவர் மேல்.

உடம்புக்குள் நடப்பது

ஆபத்து என்றால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவதும், கார்டிசோல் என்ற ஹார்மோன் சுரப்பதும், ரத்தத்தில் சர்க்கரை கூடுவதும் இயல்பு, ஓடவோ அடிக்கவோ தேவையான ஏற்பாடு அது. ஆபத்து போனதும் எல்லாம் இறங்க வேண்டும். இறங்க விடாமல் மறுபடி மறுபடி ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 1993-ல் புரூஸ் மெக்யுவனும் எலியட் ஸ்டெல்லரும் ஒரு பெயர் வைத்தார்கள், தமிழில் தேய்மானச் சுமை என்று சொல்லலாம். கிளட்ச் பிளேட் தேய்வதுபோல ரத்தக்குழாய், இன்சுலின் ஏற்பாடு, தூக்கம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. நாளைக்கே தெரியாது. 35-ல் தலைவலி, 42-ல் பிரஷர் மாத்திரை, 47-ல் சுகர் என்று தவணை முறையில் வரும்.

நேரக் கணக்குக்கு வருவோம். உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், வாரத்துக்கு 35–40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணி நேரமும் அதற்கு மேலும் பார்ப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதயக்குழாய் நோயால் சாகும் ஆபத்து சுமார் 17 சதவீதமும் கூடுதல். 2016-ல் மட்டும் நீண்ட நேர வேலையால் ஏற்பட்ட இந்த இரண்டு நோய்ச் சாவுகள் 7.45 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 55 மணி நேரம் என்பது ஏதோ அசாதாரண உழைப்பு இல்லை. ஆறு நாள் வேலையில் நாளுக்கு ஒன்பதேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டபுள் டூட்டி பார்ப்பவர் வியாழக்கிழமையே அதைத் தொட்டுவிடுவார்.

“ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதெல்லாம் இல்லை” என்றும் சொல்ல முடியாது. பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில் பசியோ வேலையின்மையோ கிடையாது, எல்லோரும் அலுவலகக்காரர்கள். ஆனாலும் மேல்மட்ட அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்தது ஏறத்தாழ மூன்று மடங்கு. சிகரெட், பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் இடைவெளி முழுதாக மறையவில்லை. 1985-ல் பத்தாயிரத்துச் சொச்சம் பேரோடு தொடங்கிய இரண்டாவது சுற்றில், வேலையில் பிடி இல்லாதது அந்த மிச்சத்துக்கு ஒரு முக்கியக் காரணமாகத் தெரிந்தது.

இப்போது பென்ஷன் கணக்கு

தனியார் துறையில் பிஎஃப் பிடிக்கப்படுகிறவர்களுக்குப் பொருந்துவது 1995 நவம்பர் 16-ல் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம், சுருக்கமாக இபிஎஸ். மில், கம்பெனி, 20 பேராவது வைத்திருக்கும் தனியார் பஸ் நிறுவனம் எல்லாம் இதில் வரும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் ஓய்வூதிய ஏற்பாடு வேறு. பெரும்பாலான லாரி டிரைவர்கள் எதிலும் இல்லை, அவர்களுக்கு இந்தப் பகுதியே ஆடம்பரம்.

இபிஎஸ் எப்படி ஓடுகிறது?

1. முதலாளி செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போகிறது. தொழிலாளி செலுத்தும் 12 முழுக்கப் பிஎஃப்பில்தான் சேரும், பென்ஷனுக்கு அதிலிருந்து ஒரு பைசா போவதில்லை.

2. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்கு எடுக்கும் வரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 15,000 ரூபாய், அதற்கு முன் 6,500. ஆக மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் பென்ஷன் கணக்கில் சேராது. வரம்புக்கு மேலான சம்பளத்துக்கும் பென்ஷன் கேட்டு விண்ணப்பித்தவர்கள் விஷயம் தனி, உச்ச நீதிமன்றத்தின் 2022 நவம்பர் தீர்ப்போடு சேர்ந்தது அது.

3. மாத பென்ஷன் என்பது கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை, சேவை வருடங்களால் பெருக்கி, 70-ஆல் வகுப்பது. பத்து வருடமாவது சேவை வேண்டும். முழு பென்ஷன் 58 வயதில். 20 வருடத்துக்கு மேல் சேவை செய்து 58 வரை இருந்தால் சேவைக் கணக்கில் இரண்டு வருடம் போனஸ்.

4. 50 வயதிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் 58-க்கு எத்தனை வருடம் முன்னால் வாங்குகிறோமோ அத்தனை வருடத்துக்கும் 4 சதவீத வெட்டு, ஆயுள் முழுக்க.

5. விலைவாசி ஏறினாலும் பென்ஷன் ஏறாது.

இதில் இரண்டு பேரை நிறுத்திப் பார்ப்போம். கணக்கு குழம்பாமல் இருக்க இருவரும் 2014 செப்டம்பருக்குப் பிறகு 25 வயதில் சேர்ந்தவர்கள், இருவருக்கும் கணக்குச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கம்பெனி அலுவலகத்தில் அக்கவுன்ட்ஸ், இன்னொருவர் அதே கம்பெனி பஸ்ஸின் டிரைவர்.

அக்கவுன்ட்ஸ்காரர் 58 வரை இருக்கிறார். 33 வருடம், போனஸ் 2, மொத்தம் 35. பென்ஷன் 7,500 ரூபாய்.

டிரைவருக்கு 50 வயதில் முதுகுத்தண்டு டிஸ்க் போய்விடுகிறது, இனி ஹெவி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். சேவை 25 வருடம். 58 வரை காத்திருந்தால் 5,357 ரூபாய் கிடைக்கும். காத்திருக்க வழியில்லாமல் உடனே வாங்கினால் எட்டு வருட வெட்டில் கால் பங்குக்கும் மேல் போய், கைக்கு வருவது நாலாயிரத்துக்குள்.

இருவர் பேரிலும் மாதாமாதம் பென்ஷனுக்குப் போனது ஒரே தொகை. டிரைவர் ஒரு நாள்கூட ஏமாற்றவில்லை. அவரை வெளியே தள்ளியது அந்த வேலைதான்; அது கொடுத்த முதுகுவலிக்கு ஃபார்முலாவில் இடமே இல்லை, ஆனால் முதுகுவலியால் குறைந்த வருடங்களுக்கு மட்டும் தாராளமாக இடம் இருக்கிறது. ஒரே சேதத்துக்கு இரண்டு தடவை வெட்டு: உடம்பில் ஒன்று, பென்ஷனில் ஒன்று. இந்தக் குழப்பத்தின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன், குறைந்தபட்சத் தொகையை 1,000-லிருந்து எவ்வளவு ஏற்றினாலும் இந்த இரட்டை வெட்டு அப்படியே இருக்கும்.

ஊனமுற்றோர் பென்ஷன், இழப்பீடு இதெல்லாம் இல்லையா?

இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வாசல் எவ்வளவு குறுகலானது என்று பார்க்க வேண்டும்.

இபிஎஸ்ஸிலேயே ஊனத்துக்கான பென்ஷன் உண்டு, அதற்குப் பத்து வருடச் சேவைகூடத் தேவையில்லை. ஆனால் ஊனம் நிரந்தரமானதாகவும் முழுமையானதாகவும் இருக்க வேண்டும், அதாவது அவரால் செய்ய முடிந்த எந்த வேலையையும் இனிச் செய்ய முடியாது என்ற நிலை. பஸ் ஓட்ட முடியாது, ஆனால் ஸ்டூல் போட்டு வாட்ச்மேனாக உட்கார முடியும் என்றால் அது முழு ஊனம் இல்லை.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் வந்தது, 2025 நவம்பரில் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, அதில் தொழில்சார் நோய்களுக்கு ஒரு பட்டியலும் உண்டு: கல்குவாரித் தூசியால் வரும் சிலிக்கோசிஸ், பஞ்சு மில்லில் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய்கள், இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு போன்றவை. பிரஷர், சுகர், டிஸ்க் தேய்மானம் அதில் கிடையாது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான், இவை வேலை பார்க்காதவர்களுக்கும் வருகின்றனவே. மாரடைப்பை வேலை விபத்தாகக் கேட்டுப் போன வழக்குகள் உண்டு. வண்டியில் கிளீனராக இருந்த ஓர் இளைஞரின் சாவு பற்றிய வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வேலையின் சிரமம்தான் மாரடைப்புக்கு வழிவகுத்தது என்பதைக் கேட்பவர்தான் காட்ட வேண்டும் என்றது. 20 வருடத் தேய்மானத்தை ஒரு குடும்பம் கோர்ட்டில் எப்படிக் காட்டும்?

அரசு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல கதவு இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4): பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது, பதவியிறக்கவும் கூடாது; அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும், அப்படி ஒன்று இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். டெப்போக்களில் “லைட் டூட்டி” என்று சொல்லப்படும் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் சட்ட பலம் இது. 2025 ஆகஸ்டில்கூட, நிறக்குருடு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு தெலங்கானா அரசு பஸ் டிரைவருக்கு மாற்று வேலை தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, பழைய தொழிற்சங்க ஒப்பந்தம் ஒன்றையும் அதில் ஆதாரமாக எடுத்துக்கொண்டது. தனியார் கம்பெனி டிரைவருக்கு 20(4) கிடையாது. நம் உதாரணத்தில் வரும் டிரைவர் அந்த எட்டு வருடத்தை அவரேதான் ஓட்ட வேண்டும், பெரும்பாலும் ஏடிஎம் வாசலிலோ அபார்ட்மென்ட் கேட்டிலோ நீலச் சட்டை போட்டுக்கொண்டு.

இன்னொரு விளைவும் உண்டு. ஹெவி லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்று வேண்டும். கண் மங்குகிறது, சுகர் ஏறுகிறது என்று தெரிந்தால் “மெடிக்கல் அன்ஃபிட்” ஆகிவிடுமோ என்ற பயத்தில் டாக்டரிடமே போகாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். நோயைக் கண்டுபிடித்தால் வேலை போகும் என்ற ஏற்பாடு, நோயை மறைக்கச் சொல்லிக் கொடுக்கிறது. ஆபத்து அவருக்கு மட்டுமில்லை, பின்னால் உட்கார்ந்திருக்கும் 60 பேருக்கும்.

ஓய்வு வயதைக் கூட்டினால் யாருக்கு என்ன?

தமிழ்நாட்டில் 2020-ல் 58-லிருந்து 59, 2021-ல் 60 என்று அரசு மற்றும் அரசுப் பொதுத்துறை ஊழியர்களின் ஓய்வு வயது கூடியது. தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்ப்பவருக்கு அது இரண்டு வருட முழுச் சம்பளம், போனஸ் மாதிரி. மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவருக்கு அது 58 வயதுக் கண்ணோடும் முழங்காலோடும் இன்னும் இரண்டு வருடம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இபிஎஸ் பென்ஷன் என்பது தனித்தனி உண்டியல் இல்லை, எல்லோர் பணமும் ஒரே குளத்தில் விழுகிறது. 63-ல் இறப்பவர் ஐந்து வருடம் வாங்குகிறார், அப்புறம் மனைவிக்கு ஏறத்தாழ பாதி. 85 வரை இருப்பவர் 27 வருடம் வாங்குகிறார். கடின வேலை பார்த்தவர்கள் சராசரியாக முன்னால் போய்விடுகிறார்கள் என்றால், அவர்கள் குளத்தில் விட்ட தண்ணீரில் ஒரு பங்கு சொகுசு வேலை பார்த்தவர்களின் வயலுக்குப் பாய்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஆனாலும் பாய்கிறது.

சில நாடுகள் இதை நேராக்கப் பார்த்திருக்கின்றன. ஆஸ்திரியாவில் 2007-லிருந்து கடின உழைப்பு ஓய்வூதியம் என்று ஒன்று உண்டு. 45 வருடக் காப்பீட்டுக் காலமும், கடைசி 20 வருடத்தில் 10 வருடம் கடின வேலையும் இருந்தால் 60 வயதிலேயே போகலாம். கடின வேலை என்பதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? கலோரியில். எட்டு மணி நேரத்தில் ஆண் 2,000, பெண் 1,400 கிலோ கலோரி செலவழிக்கும் வேலை என்றால் கடினம். இரவு ஷிஃப்ட், கடும் வெக்கை, கடும் குளிர் போன்றவற்றுக்குத் தனி வரையறை.

ஃபிரான்ஸில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 2014 சட்டப்படி ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு சிரமக் கணக்கு, பத்து வகைச் சிரமங்களுக்குப் புள்ளி. சேர்த்துவைத்தால் முன்கூட்டியே ஓய்வு, அல்லது பயிற்சி, அல்லது சம்பளம் குறையாமல் பாதி நேர வேலை. அளப்பதே பெரும்பாடு என்று முதலாளிகள் முறையிட, 2017-ல் நாலு வகைகளைப் புள்ளிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். எவை என்று பாருங்கள்: பாரம் தூக்குவது, கோணலான உடல்நிலையில் வேலை செய்வது, இயந்திர அதிர்வு, ரசாயனம். கட்டடத் தொழிலாளியையும் லாரி டிரைவரையும் தேய்ப்பவை பெரும்பாலும் இந்த நாலில்தான் இருக்கின்றன. அளக்கச் சுலபமான இரவு வேலை தப்பித்தது, அளக்கக் கஷ்டமான அதிர்வு வெளியே போனது. எந்த நாட்டில் செய்தாலும் இந்தச் சிக்கல் வரும், வந்தாலும் 58-ஐ எல்லோருக்கும் ஒரே கோடாகப் போடுவதைவிட இது மேல் என்பது என் கருத்து.

ஓய்வு பெற்றபின் உடம்பு தேறுமா?

“ரிட்டயர் ஆனதும் ஆளு படுத்துட்டார்” என்று கேள்விப்படாத தெரு இல்லை. ஃபிரான்ஸின் மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்கள் சுமார் 20,000 பேரை 1989 முதல் தொடர்ந்து பார்த்துவரும் காஸெல் ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஓய்வுக்கு முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டால் அடுத்த வருடத்தில் அசதி குறைந்தது, தூக்கக் கோளாறு குறைந்தது, தங்கள் உடல்நிலை மோசம் என்று சொன்னவர்களும் குறைந்தார்கள், கஷ்டமான வேலைச் சூழலில் இருந்தவர்களுக்கு இந்தத் தேறல் அதிகமாகவே தெரிந்தது. சர்க்கரை நோய், இதய நோய் போன்ற நாள்பட்ட நோய்கள் மட்டும் வயதோடு ஏறிக்கொண்டேதான் போயின. அசதி போகும், தேய்ந்த குழாய் திரும்பாது.

ஆனால் அவர்கள் ஓய்வு பெற்றது பெரும்பாலும் 55–60 வயதுக்குள், கடைசிச் சம்பளத்தில் பெரும்பகுதியைப் பென்ஷனாகப் பெற்றுக்கொண்டு. தெருவில் நாம் பார்க்கும் ஆள் படுத்ததற்குக் காரணம் ஓய்வா, ஏற்கெனவே இருந்த நோயோடு நாலாயிரம் ரூபாயில் மாத்திரை வாங்க முடியாததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நோய் முற்றியதால்தான் பலர் வேலையை விடுகிறார்கள், அதை ஓய்வின் தலையில் எழுதிவிடுகிறோம்.

கடின வேலையில் இருப்பவர் இப்போதே பார்க்க வேண்டியவை

1. கம்பெனி மாறும்போது பிஎஃப்பை எடுத்தாலும் பென்ஷன் பகுதியை எடுத்துவிடாதீர்கள். படிவம் 10சி-யில் பணமாக வாங்குவதற்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்கலாம், பழைய சேவை வருடங்கள் அதில் பத்திரமாக நிற்கும். ஃபார்முலாவில் நம் கையில் இருப்பது வருடம் ஒன்றுதான்.

2. பிஎஃப் பாஸ்புக்கில் ஒவ்வொரு கம்பெனிக்கும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடத்துக்கு நாலு மாதம் குறைகிறது என்று 58-ல் தெரியவரும்போது பழைய மில்லே மூடியிருக்கும்.

3. 50-ல் கிடைக்கிறதே என்று முன்கூட்டிய பென்ஷனுக்கு அவசரப்படாதீர்கள். எட்டு வருடம் முன்னால் வாங்குவது லாபமா நஷ்டமா என்பது உங்கள் உடல்நிலையைப் பொறுத்தது. தீராத நோயாளி என்றால் முன்னால் வாங்குவதே புத்திசாலித்தனமாக இருக்கலாம். வெட்டு மட்டும் 58 ஆனதும் நீங்காது.

4. முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் எந்தப் பதிவும் இருக்காது. இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் அங்கே காட்டி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். லைட் டூட்டி கேட்பதானாலும் இழப்பீடு கேட்பதானாலும் பழைய சீட்டுதான் பேசும்.

5. ஐந்து வருடமாவது இஎஸ்ஐ-யில் இருந்து ஓய்வு வயதில் வெளியே வந்தவர்கள், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். மாதம் பத்து ரூபாய். சம்பளம் 21,000 வரம்பைத் தாண்டியதால் நடுவில் இஎஸ்ஐ-யிலிருந்து விலகியவர்களுக்கு விதி வேறு, கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓய்வு பெறும் அன்று மாலையும் சால்வையும் போட்டு அனுப்பும் கம்பெனிகளில் இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கடைசி மாதச் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடுங்கள்.